பின்னால் வந்த சிவப்புக் கார்

லிபரல், கான்சஸ்
4 அக்டோபர் 2004

அன்புள்ள லோர்னா,

போனில் பேசினால் நான் கேலி பேசுகிறேன், உனக்குக் கோபம் வருகிறது, அதனால் இனி எதுவானாலும் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். பத்தாவதோடு தானியக் கிடங்கு லாரியில் ஏறினவன், உதவித் தலைமையாசிரியையாக இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுவதென்றால் கொஞ்சம் கால் நடுங்கத்தான் செய்கிறது. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதேம்மா.

நடந்தது நடந்துவிட்டது. போன திங்கள்கிழமை பத்து மணிக்கு அம்மாவை, நினைவு தப்பினவர்களைப் பார்த்துக்கொள்கிற அந்த முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று நீ முடிவு செய்திருந்தாய். ஆறு மணிக்கே நான் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தைக் கட் அடித்து ஓடின பையன் மாதிரிதான். ஆனால் அறுபத்தெட்டு வயதில், அறுபதடி நீள வண்டியோடு யாரும் ஒளிந்து ஓட முடியாது. நம் தெரு முழுக்க ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது.

அறுபதடி என்பது பொய்யில்லை. முன்னால், படுக்கையறையும் சமையலறையும் வைத்த பஸ் மாதிரி வீட்டுவண்டி. அதன் வாலில் இழுவைக் கம்பி. கம்பியில் அம்மாவின் சிவப்புக் கார், நாலு சக்கரமும் தரையில் உருள, ஆளில்லாமல் வருகிறது. காரின் முதுகில் எங்கள் இரண்டு சைக்கிள். கார் மாட்டியிருக்கும்போது இந்த ரயிலுக்கு ரிவர்ஸ் கிடையாது. பின்னால் எடுத்தால் கம்பி வளைந்துவிடும். நேற்று ஒரு பெட்ரோல் பங்கில் தப்பான பக்கம் நுழைந்து, சுவரைப் பார்த்து நின்றேன். இறங்கி, காரைக் கழற்றி, காரை எடுத்து, வண்டியை எடுத்து, திரும்ப மாட்ட முக்கால் மணி நேரம். பின்னால் எட்டு வண்டி. ஒருவர் மட்டும் கை தட்டினார்.

அது முடிந்ததா, அடுத்தது. காரை இழுக்கும்போது சாவி உள்ளேயே இருக்க வேண்டும், அரைத் திருப்பு திருப்பி. இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நான் சாவியை உள்ளே வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கதவைப் பூட்டித் தொலைத்தேன். மாற்றுச் சாவி நம் வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்குகிறது. பூட்டுக்காரரைக் கூப்பிட்டு, அசடு வழிந்து, அதோடு முடிவு செய்துவிட்டேன்: இனி இந்தக் காரை நான் பூட்டுவதாக இல்லை.

அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள். குளிருக்கு முன்னால் அரிசோனா போய்ச் சேர்ந்துவிட்டால் அவளுக்கு நல்லது. அடுத்து டால்ஹார்ட் ஊரில் தபால் நிலையத்தில் என் பெயருக்குக் கடிதம் வந்தால் வாங்கிக்கொள்வேன்.

அப்பா

லிங்கன், நெப்ராஸ்கா
11 அக்டோபர் 2004

அப்பா,

உங்கள் கடிதத்தைக் கர்ட்டுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் மருமகன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தத் திங்கள்கிழமை நான் அந்த இல்லத்தின் முன்கூடத்தில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அம்மாவுடைய கம்பளிச் சட்டைகள், செருப்புகள், எல்லாவற்றிலும் அவள் பெயரை நானே தைத்திருந்தேன். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாகத் தைத்தேன். நீங்கள் வண்டியில் ஏறினதும் ஒரு வார்த்தை போன் செய்திருக்கலாம்.

நான் அம்மாவை எங்கோ தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஆகஸ்டில் அவள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் நின்றாள். உங்களுக்கு இடுப்பு போய்விட்டது. உங்களால் முடியாது என்பதைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள், நான்தானே சொல்ல வேண்டும்.

காரைப் பூட்டுங்கள். மாற்றுச் சாவியை இத்துடன் அனுப்புகிறேன். ஒரு கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கர்ட் வீட்டுவண்டியின் பின்பக்கம் மாட்டிக்கொடுத்த கேமரா வேலை செய்கிறதா? ஓட்டும்போது அம்மா எங்கே உட்காருகிறாள்?

லோர்னா

டால்ஹார்ட், டெக்சஸ்
19 அக்டோபர் 2004

அன்புள்ள லோர்னா,

அட்டைப்பெட்டி விஷயம் எனக்குத் தெரியாதும்மா. அதற்குக் கேலி ஒன்றும் கைவசம் இல்லை.

சாவி வந்தது. கழுத்தில் போட்டுக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டு, "என்னய்யா, மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கு," என்றாள். கழற்றி இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

இங்கே ஒரு மாற்றம் செய்ய வேண்டி வந்தது. ஓட்டும்போது முன்னால் என் பக்கத்தில்தான் உட்காருவாள். ஆனால் அரை மணிக்கு மேல் இருப்புக் கொள்வதில்லை. ஓடுகிற வண்டியில் எழுந்து கதவைத் திறக்கப் போகிறாள். அதனால் காலை மாத்திரை கொடுத்து, பின்னால் படுக்கையறையில் படுக்க வைத்துவிட்டு ஓட்டுகிறேன். படுக்கைக்கு நேரே பின் ஜன்னல். அங்கிருந்து பார்த்தால் கார் தெரியும், காரின் முதுகில் இருக்கிற சைக்கிள் தெரியாது. தெரியவில்லை என்றால் என்ன ஆகும்? "சைக்கிளைத் திருடிட்டுப் போயிட்டாங்க எல்டன், வண்டிய நிறுத்து." பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. நிறுத்தி, கையைப் பிடித்து இறக்கி, காட்டி, ஏற்றி. இப்படி நாற்பது மைலுக்கு ஒரு நாள் ஆயிற்று.

அதனால் சைக்கிள் இரண்டையும் வீட்டுவண்டிக்கும் காருக்கும் நடுவில், ஜன்னலுக்கு நேராக மாட்டிவிட்டேன். வீட்டுவண்டிகள் தங்குகிற முகாமில் பக்கத்து வண்டிக்காரர் வில்மர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். இருபது வருஷம் இப்படி ரோட்டில் இருக்கிறவர்.

"யாரு உங்களுக்கு இந்த யோசனை சொன்னது? வளைவுல திரும்பினா ஹேண்டில்பார் கார்க் கண்ணாடியைக் குத்தும்."

"மெதுவாத் திரும்புவேன்."

"பின்னாடி கேமரா இருக்கே, அது எதைப் பார்க்கும்?"

"சைக்கிளைப் பார்க்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். ஹேண்டில்பாரில் பழைய துண்டைச் சுற்றியிருக்கிறேன். காரின் பானட்டில் ஒரே ஒரு கீறல்தான். ஆமாம், கேமராத் திரையில் இப்போது இரண்டு சைக்கிள் சீட்டும் சக்கரமும்தான் தெரிகின்றன. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. பழகிப்போய்விட்டது. பின்னால் கார் இருக்கிறதா என்று பார்க்க என்ன இருக்கிறது? கம்பியில் மாட்டினது எங்கே போகும்?

அம்மா இப்போது படுத்துக்கொண்டே சைக்கிளைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். அழுகை நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பெரிது.

மாலையில் முகாமைச் சுற்றி ஓட்டுகிறோம். நீ பார்க்க வேண்டும் லோர்னா. நடக்கத் தடுமாறுகிறவள் சைக்கிளில் ஏறினால் பதினெட்டு வயது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். "யோவ் எல்டன், பின்னாடி என்ன, அடைகாக்கிறியா?" சைக்கிளில் இருக்கும்போது எல்லாம் நினைவிருக்கிறது. என் பெயர் கூட. வில்மர் உப்பு கடன் கேட்டு வந்தால், நம்பர் பிளேட் கொடுக்கிற அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த பழக்கம், தாளை நீட்டி "கையெழுத்துப் போடுங்க" என்கிறாள். என் கையெழுத்தைப் பற்றி அவரிடம் சொன்னாள்: "கோழி கிளறினாப்ல இருக்கும். நாப்பத்தியோரு வருஷமாப் பாக்கிறேன், ஒரு பய போலியாப் போட முடியாது."

இதையெல்லாம் அந்த இல்லத்துக்குள் எப்படிம்மா கொண்டுபோவது? அங்கே சைக்கிள் ஓட்ட விடுவார்களா?

அடுத்த கடிதத்தை டுக்கும்காரிக்கு அனுப்பு.

அப்பா

லிங்கன்
26 அக்டோபர் 2004

அப்பா,

கேமரா எதையும் காட்டாது என்றால் அது எதற்கு? கம்பியில் மாட்டினது கழன்றால்? சைக்கிளைப் பழைய இடத்தில் வையுங்கள். அம்மா அழுதால் அழட்டும். ஓட்டும்போது மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, படுக்கையறைக் கதவைத் திறந்து பாருங்கள். இதை நான் வேண்டுகோளாக எழுதவில்லை.

சைக்கிளில் இருக்கும்போது உங்கள் பெயர் நினைவிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இறங்கின பிறகு? இதற்கு மட்டும் கேலி இல்லாமல் பதில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால், அடுத்த மாதம் குடும்பமாகக் கூடுகிற நன்றி நாள் விருந்துக்கு முன்னால் அம்மாவைத் திருப்பிக் கூட்டி வாருங்கள்.

லோர்னா

டுக்கும்காரி, நியூ மெக்சிகோ
6 நவம்பர் 2004

லோர்னா,

நீ அம்மாவை விமானத்தில் அழைத்துப்போய் மூன்று நாள் ஆகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நியாயம்தான். போலீஸ்காரரிடம் சொன்னதை உன்னிடமும் சொல்ல வேண்டுமில்லையா, அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை காலை இங்கே தபால் நிலையத்தில் உன் கடிதத்தை வாங்கினேன். பக்கத்துப் பங்கில் டீசல் போட்டேன். அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டு வந்து, மாத்திரை கொடுத்து, படுக்க வைத்து, படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். பிறகு காப்பி வாங்கக் கடைக்குள் போனேன். ஐந்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தபோது கதவு சாத்தித்தான் இருந்தது. நான் சாத்தின கதவு. அவள் அதற்குள் இறங்கிப் போய்விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. சாத்திக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டில் எப்போதும் அப்படித்தானே, எழுந்து போனால் கதவைச் சாத்துவாள்.

போய், காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டு வருஷம் அவள் ஓட்டின கார். நான் பூட்டாத கார்.

தொண்ணூறு மைல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒன்றரை மணி நேரம்.

ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து ஹாரனை அழுத்திக்கொண்டே கையைக் காட்டினார். நிறுத்தினேன். காரின் பின் டயரிலிருந்து புகை. ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறாள். நான் தீயணைக்கிற உருளையைத் தூக்கிக்கொண்டு காருக்காகத்தான் ஓடினேன். அப்புறம்தான் உள்ளே அவளைப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். நான் திரும்பின பக்கமெல்லாம் அது தானாகத் திரும்பியிருக்கும், அவள் விடாமல் மல்லுக்கட்டியிருக்கிறாள். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டிருந்தது. உள்ளே பூட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தட்டினேன். என்னைப் பார்த்து ஹாரனை அடித்தாள். லாரிக்காரர் வந்து தட்டினதும் திறந்துவிட்டாள்.

கேமராவில் சைக்கிள் சக்கரம்தான் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை. போலீஸ்காரரிடமும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது வேடிக்கையாக எழுதுவேன்.

அப்பா

லிங்கன்
15 நவம்பர் 2004

அப்பா,

அம்மாவை இல்லத்தில் சேர்த்துவிட்டேன். இரண்டாம் மாடி. ஜன்னல் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்து இருக்கிறது. கை ஆறி வருகிறது. குரல் போன வாரம் கொஞ்சம் திரும்பியது. அதிலிருந்து எல்லோரிடமும் ஒன்றையேதான் சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

"சைக்கிளைத் திருடிக்கிட்டுப் போறான். எங்க ரெண்டு பேர் சைக்கிளையும். கண்ணுக்கு நேரா, இதோ இவ்வளவு தூரத்துல. நான் விடாம துரத்துறேன். எவ்வளவு வேகமாப் போனாலும் எட்டவே மாட்டேங்குது. லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறேன், ஹாரன் அடிக்கிறேன். அவன் திரும்பிக்கூடப் பாக்கல. எல்டன்கிட்டச் சொல்லுங்க, கிட்டத்தட்டப் பிடிச்சிட்டேன்னு."

நீங்கள் வீட்டுவண்டி முன்னால் நிற்கிற படத்தைக் காட்டினேன். கவிழ்த்து வைத்தாள். "இவன்தான். ஓட்டிக்கிட்டுப் போனவன், இறங்கி வந்து என் கண்ணாடியைத் தட்டினான்," என்றாள். உங்கள் கல்யாணப் படத்தைக் காட்டினேன். "இது எல்டன். இன்னிக்கு வருவானா?" என்றாள்.

அதனால் வராதீர்கள். நன்றி நாளுக்கும் வர வேண்டாம். தண்டனையாகச் சொல்லவில்லை. உங்களைப் பார்த்தால் அலறுவாள்.

இன்னொன்று. போலீஸ் அறிக்கையின் நகல் வந்தது. காரின் விளக்கு சுவிட்ச் போட்டபடி இருந்ததாகவும் பேட்டரி முழுக்க இறங்கியிருந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். அம்மா சொல்வதும் அதுதான். சைக்கிள் சக்கரத்தில் ஆரக்கம்பிதான் இருக்கும், தகரம் இல்லை. அதன் வழியாக வெளிச்சம் வரும்.

நீங்கள் பார்த்தீர்களா?

லோர்னா

டுக்கும்காரி
24 நவம்பர் 2004

லோர்னா,

பார்த்தேன்.

முதலிலேயே எழுதிவிட்டேன், பிறகு எழுதினால் எங்காவது சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

கிளம்பிப் பத்து நிமிஷத்திலேயே பார்த்தேன். சக்கரத்துக்குள்ளே மினுக் மினுக் என்று. மேற்கே போகிறோம், காலை வெயில் பின்னாலிருந்து அடிக்கிறது, கம்பியில் பட்டு மின்னுகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில், வெயில் இப்படி விட்டு விட்டு மின்னாது என்றும் தெரிந்தது. மூன்று தடவை மின்னி நிற்கும். மறுபடி மூன்று தடவை. ஹாரன் மாதிரியும் கேட்டது, காற்று என்று வைத்துக்கொண்டேன். வண்டி மேட்டில் ஏற மாட்டேன் என்றது, எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டேன். நாற்பது வருஷம் லாரி ஓட்டினவனுக்கு, பின்னால் பாரம் பிரேக் போடுவது தெரியாதா?

நிறுத்தினால் கதவைத் திறந்து அவளைப் பார்க்க வேண்டும். பங்கில் காப்பியோடு உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் படித்தேன். சைக்கிளிலிருந்து இறங்கின பிறகு என் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இல்லை. கான்சஸிலேயே போய்விட்டது. கீழே இறங்கினால் நான் வண்டி ஓட்டுகிறவர். "டிரைவர், தண்ணி கொடுங்க" என்பாள். நானும் சலாம் போட்டுக் கொடுப்பேன். வேடிக்கையாக இருக்கட்டுமே என்று. கதவைத் திறந்தால் அவள் எழுந்துவிடுவாள், டிரைவர் என்பாள், பிறகு உனக்கு என்ன பதில் எழுதுவது? திறக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் பதில் எழுதாமல் போகலாம்.

அது மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை. இன்னொன்றும் இருக்கிறது. பின்னால் சத்தமே இல்லை. சைக்கிள் திருட்டுப் போகவில்லை, யாரும் கதவைத் திறக்கப் போகவில்லை, யாரும் அழவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக ரேடியோ போட்டேன். கூடவே பாடினேன். காப்பி நன்றாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன் லோர்னா. பின்னால் அவள் கத்திக்கொண்டு வந்த அதே ஒன்றரை மணி நேரம்.

என்னால் முடியாது என்று நீ சொன்னாய். ஆனால் நீ நினைத்தது என் இடுப்பை. முடியாமல் போனது அது இல்லை.

நாளைக்கு நன்றி நாள். முகாமில் எல்லோரும் சேர்ந்து வான்கோழி சுடுகிறார்கள், கூப்பிட்டார்கள். தட்டை வாங்கி வண்டிக்கு எடுத்து வந்துவிடுவேன்.

அப்பா

லிங்கன்
8 டிசம்பர் 2004

அப்பா,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் காரிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்குள் கொண்டு வர முடியவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக என் பக்கத்து உண்மை ஒன்றை எழுதுகிறேன். இறங்கின பிறகு உங்கள் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டேனே, அது கேள்வியே இல்லை. பதில் எனக்குத் தெரியும். ஜூலையிலேயே அம்மா சமையலறையில் என்னிடம், "அந்த ஆளு ரொம்ப நல்லவரு, ஆனா எப்ப வீட்டுக்குப் போவாரு?" என்று கேட்டாள். உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். பிறகு உங்களுக்கு வலிக்கட்டும் என்று தேர்ந்தெடுத்துத்தான் அந்த வாக்கியத்தை எழுதினேன். அது சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது அம்மா சாப்பிடுவதில்லை. ஒன்பது நாளாகத் தட்டைத் தள்ளிவிடுகிறாள். கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் உட்கார்ந்து வண்டி நிறுத்துமிடத்தையே பார்க்கிறாள். "சைக்கிள் கிடைக்கட்டும், அப்புறம் சாப்பிடுறேன்." இல்லத்து மருத்துவர் உணவு செலுத்தக் குழாய் வைக்கலாமா என்று கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

சைக்கிளைக் கொண்டு வாருங்கள். எல்டனாக வர வேண்டாம். காணாமல் போன சாமான் பிரிவு என்று சொல்லிக்கொள்ளுங்கள். மீசையை எடுத்துவிட்டால் ஒருவேளை தெரியாது. நான் அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டேன். இருந்தால் உங்களை அப்பா என்று கூப்பிட்டுவிடுவேன்.

லோர்னா

லிங்கன், நகரத்துக்கு வெளியே வண்டி முகாம்
18 டிசம்பர் 2004

அன்புள்ள லோர்னா,

உன் வீட்டிலிருந்து ஏழு மைல் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்குத் தபால் போடுகிறேன். நேரில் சொல்ல வாய் வராது.

வரும் வழியில் சைக்கிளை வண்டிக்குள்ளே, படுக்கை மேல் போட்டுக்கொண்டு வந்தேன். கேமராத் திரை சுத்தமாக இருந்தது. கார் முழுதாகத் தெரிந்தது. ஓட்டுகிறவர் இடம் காலி, அதற்கு முன்னால் ஸ்டியரிங் மட்டும் நான் திரும்பினால் திரும்புகிறது, நேரானால் நேராகிறது. அறுநூறு மைல் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இப்போது எல்லாம் நன்றாகத் தெரிகிறது.

மீசையை எடுத்தேன். உதட்டுக்கு மேல் கோழி உரித்த மாதிரி இருக்கிறது. வில்மர் கொடுத்த நீலத் தொப்பி ஒன்று இருந்தது, அதையும் மாட்டிக்கொண்டேன். நேற்று மதியம் போனேன். இரண்டு சைக்கிளையும் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினேன். அண்ணாந்து பார்த்தேன், கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

மேலே போய்த் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். இளைத்துவிட்டாள் லோர்னா.

"அம்மா, காணாமப் போன சாமான் பிரிவுலேருந்து வர்றேன். உங்க சைக்கிள் ரெண்டும் கிடைச்சிருச்சு."

"பார்த்தேன். ஆள் கிடைச்சானா?"

"கிடைச்சான்."

"எப்படி இருந்தான்?"

"கிழவன். பாக்கப் பாவமாத்தான் இருந்தான்."

"பாவமாம். நான் தொண்டை கிழியக் கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்கல. நல்லாத் திட்டினீங்களா?"

"தினமும் திட்டுறோம்மா."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. கோட்டைக் கழற்றினாள். தட்டு வந்தது. சூப்பு முழுக்கக் குடித்தாள். நீ கொடுத்தனுப்பிய ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி பன்னில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை என் பக்கம் தள்ளினாள். "நீங்களும் சாப்பிடுங்க, வெயில்ல அலைஞ்சிருப்பீங்க." வெளியே பனி. நான் சாப்பிட்டேன். அந்தப் பாதி கொலாச்சி முடிகிற வரைக்கும், போதும், இப்படியே வாரத்துக்கு ஒரு நாள் காணாமல் போன சாமான் பிரிவாக வந்து போகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் சொன்னாள்: "ஒண்ணு என்னுது, நான் வாங்கிக்கிறேன். இன்னொண்ணு எல்டனோடது. அவன் வர்ற வரைக்கும் நீங்களே வெச்சிருங்க. ஆனா சும்மாக் குடுக்க மாட்டேன். கையெழுத்துப் போடுங்க."

சாப்பாட்டுப் பட்டியல் அச்சடித்த தாளைத் திருப்பிப் போட்டு, 'ஆண்கள் சைக்கிள் ஒன்று, பச்சை, பெற்றுக்கொண்டேன்' என்று அழகாக எழுதி நீட்டினாள். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. நான் பேனாவை வாங்கினேன். என்ன பெயர் போடுவது என்று யோசித்திருக்க வேண்டும். வில்மர் என்று போட்டிருக்கலாம். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் நீட்டின தாளில், நாற்பத்தியோரு வருஷப் பழக்கத்தில் கை அதுவாக ஓடிவிட்டது.

தாளை எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தக் கோழி கிளறலின் மேல் ஒரு விரலை வைத்து மெல்லத் தடவினாள்.

"இது எல்டன் கையெழுத்து."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு நொடி லோர்னா, ஒரே ஒரு நொடி, நான் முட்டாள், வாயைத் திறந்து "ஆர்டித்" என்று கூப்பிட்டுவிட்டேன்.

கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "என் பேரு உனக்கு எப்படித் தெரியும்? இது அவன் போடறது, உன் கைக்கு எப்படி வந்துச்சு?" நர்ஸ் ஓடி வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்: "இவன் சைக்கிளை மட்டும் எடுக்கலம்மா. எல்டனையும் இவன்தான் என்னமோ பண்ணிட்டான்."

நான் மறுக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன்.

இன்று காலை நர்ஸிடம் போனில் கேட்டேன். காலை உணவைச் சாப்பிட்டாளாம். சைக்கிள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் சாப்பிடுவாள் போலிருக்கிறது. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறாளாம், யாரும் தொடக் கூடாதாம்.

அதனால் இரண்டு சைக்கிளையும் அங்கேயே, அவள் ஜன்னலுக்கு நேராக வேலியில் சாய்த்துப் பூட்டியிருக்கிறேன். ஆமாம், பூட்டினேன். சாவி ஒன்று இத்துடன் இருக்கிறது, இன்னொன்று என் கழுத்தில். வீட்டுவண்டியைப் பார்க்க திங்கள்கிழமை ஒருவர் வருகிறார். பிடித்தால் காரையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போகட்டும்.

நான் இனி மாடிக்கு வர மாட்டேன். ஆனால் குளிரில் டயரில் காற்று நிற்காது. தட்டையாகிப் போனால் அவள் கவலைப்படுவாள். அதனால் வாரத்துக்கு ஒரு நாள், அவர்கள் எல்லோரும் சாப்பாட்டு அறையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, பின்பக்க வழியாக வந்து காற்று அடித்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விடுவேன். திருடன் என்று பெயர் வாங்கியாயிற்று, அந்த வேலையையாவது ஒழுங்காகச் செய்கிறேன்.

அப்பா